கிறுக்குங்க காக்கா

எங்கள் பக்கத்தில் கிறுகுதல் என்றால் திரும்புதல். வண்டியைக் கிறுக்கு என்றால் வந்த வழிக்கே திருப்பு என்று அர்த்தம். வேறு ஊர்களில் கிறுக்கு என்று பைத்தியத்தைச் சொல்வார்கள். படிப்புக்காக எங்கள் கரையில் கதை கேட்க வந்து, என் ஆட்டோவில் திரிந்த அந்தப் பிள்ளை கண்டிப் பக்கத்தவள். வந்த புதிதில், தன் ஊரில் அண்ணனை அழைப்பதுபோல், என்னை நானா என்று கூப்பிட்டாள். இங்கே நானா இல்லை, காக்கா என்று நான்தான் திருத்தினேன். கிறுக்கு என்ற சொல்லை அவளாகவே பிடித்துக்கொண்டாள். பிறகு விடவே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். புத்தளத்தில் உப்பளம், கொழும்பில் சாப்பாட்டுக் கடை, கட்டாரில் கட்டடத்துக்குச் சாரம் கட்டும் வேலை என்று சுற்றிவிட்டு, நிந்தவூரில் ஒருவருடைய ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஓரிடத்தை விட்டுக் கிளம்பினால் அந்தப் பக்கம் மறுபடி தலைவைத்துப் படுக்காதவன் நான். அவள் போன இடத்துக்கெல்லாம் மறுபடி போவாள். அதுதான் அவள். மற்றதெல்லாம் இதற்குள்ளே வரும்.

ஒரு நாள் ஒலுவிலில் கரைவலை இழுக்கும் ஒருவரிடம் பேசிவிட்டு வந்துகொண்டிருந்தோம். களியோடைப் பாலம் தாண்டியாயிற்று. பின்சீற்றில் காதில் வயரை மாட்டிக்கொண்டு, போனில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"கிறுக்குங்க காக்கா."

"என்னத்த விட்டுட்டு வந்தீங்க?"

"ஒண்டும் விடல்ல. கடல் வீட்ட எடுத்ததெண்டு செல்லக்குள்ள அவர் சிரிச்சார். ஏன் சிரிச்சாரெண்டு நான் கேக்கல்ல."

அவளுடைய ஊர்ப் பேச்சில் சொல் என்பது செல் ஆகும். இருக்கு என்பது ஈக்கு ஆகும்.

"அழுதா போய்க் கேக்கலாம் புள்ள. சிரிச்சதுக்கெல்லாம் பெற்றோல் எரிக்கிறதா?"

"நீங்க கிறுக்குங்க."

கிறுக்கினேன். அந்த மனிதர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "என்ன, எடுத்த வீட்டக் கடல் திருப்பித் தந்திட்டுதா?" என்றார். அவள் கேட்டாள். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"அந்த வீட்டுக் குசினிய என்ட மச்சான் கட்டித் தந்தவன். வந்தா போனா 'நான் கட்டின குசினி, நான் கட்டின குசினி' எண்டு அதே கதை. கடல் முதல்ல எடுத்தது குசினியத்தான். சிரிக்காம என்ன செய்யிற?"

இந்தச் சமையலறைக் கதைக்குத்தான் திரும்பிப் போனோம். வரும் வழியெல்லாம் அவள் முகம் பெருநாள் முகமாக இருந்தது.

அவள் கறுப்பு அபாயாவின் கீழ்க்கரை உப்புப் பட்டு வெள்ளையாகியிருக்கும். ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை ஒன்று வைத்திருந்தாள். போனை ஒரு பொலித்தீன் பையில் சுற்றியிருப்பாள். பகல் சாப்பாட்டுக்குப் பேக்கரியில் வாங்கின ஒரு பணிஸ்; அதையும் பாதி எனக்கு நீட்டுவாள். யார் எதைச் சொன்னாலும் கேட்டு முடித்தவுடன் அவர்களிடமே திருப்பிச் சொல்வாள். "நீங்க செல்லினத நான் இப்பிடி வெளங்கினன். சரியா?" சிலருக்கு இது பிடிக்கும். சிலர், "நான் தந்த மீன எனக்கே விக்கிறியா புள்ள?" என்பார்கள். அதையும் சிரித்தபடி திருப்பிச் சொல்வாள்.

அவள் படித்தது சுற்றாடல் மானிடவியல். முதுமாணிப் பட்டம். கடல் கரையை எவ்வளவு எடுத்தது என்று அளக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். கரையில் இருக்கிறவர்கள் அதை என்னவென்று நினைக்கிறார்கள், என்ன சொல்லிக் கதைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது இவளுடைய வேலை. பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஒரு தவணை நீட்டித் தந்திருந்தார்கள். அந்த ஆண்டுக்குள் ஆய்வுப் புத்தகத்தைக் கொடுக்காவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள். அவளுக்குப் படிப்பிக்கிற சேர் கிழமைக்கொரு தடவை போனில் பிடித்து அதை ஞாபகப்படுத்துவார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் ஒழுங்காக விளங்கியது. முதலில் நான் விளங்கிக்கொண்டது வேறு. நான் மட்டுமல்ல, நிந்தவூர்க் கரையே வேறாகத்தான் விளங்கிக்கொண்டது.

மண்ணெண்ணெய் விலை ஏறி, தோணிகள் மணலில் கவிழ்ந்து கிடந்த நேரம். முதல் நாள் கரைக்குப் போனபோது அங்கே ஒரு தோணி முதலாளி இருந்தார். கட்டை உருவம், வெள்ளைச் சாரன், சத்தமில்லாத பேச்சு. அவர் சொன்னால் அந்தக் கரை கேட்கும். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் படிப்பின் பெயரைச் சொன்னாள். காற்று பலமாக அடித்தது. அவர் ஒரு கையைக் காதில் வைத்து மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அடுத்த நாளிலிருந்து கரையே வாய் திறந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். தோணி போன கதை, வலை போன கதை, வாடி என்கிற கரைக்குடிசை போன கதை. முதலாளியே ஆட்களைப் பேசி வரிசையாக அனுப்பினார். அவளுக்குச் சாப்பிட நேரம் இருக்கவில்லை. சேரும் போனில் பாராட்டியிருக்கிறார். அந்தச் சந்தோசத்தில் எனக்கு முழுப் பணிஸ் கிடைத்தது.

பல மாதம் கழித்து, கருவாடு காயப்போடும் ஒரு பெண்தான் அதை உடைத்தாள்.

"மகள், எங்கட பேரு மேலுக்குப் போயிட்டா?"

"எந்த மேலுக்கு ராத்தா?"

"மானியத்துக்குத்தான்."

"என்ன மானியம்?"

அந்தப் பெண் ஈ விரட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நீங்கதானே வந்தண்டே சொன்னீங்களாம், மானியவியல் படிக்கிற எண்டு."

அவள் சிரித்தாள். என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நானும் மானியம் என்றுதான் கேட்டிருந்தேன். ஆட்டோவுக்கும் ஏதாவது வருமா என்று விசாரிக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்பு நின்றது.

ஆட்டோவுக்குள் வந்து போனை எடுத்தாள். காதில் மாட்டாமல் சத்தமாகப் போட்டாள். மெலிந்த குரலில் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான், தன்னுடைய தோணியைக் கடல் எடுத்துவிட்டதாக, அது என்ன நிறம், எந்தப் பக்கம் கட்டியிருந்தது என்றெல்லாம்.

"இவருக்குத் தோணி ஈந்ததா காக்கா?"

"அவன் கூலிக்கு வலை இழுக்கிறவன். அவன்ட வாப்பாவுக்கும் தோணி இல்ல."

அடுத்ததைப் போட்டாள். அடுத்ததை. கொஞ்சம் பொய், நிறையப் பொய், பொய்யே இல்லாதது என்று எல்லாம் கலந்து கிடந்தன. எது எதுவென்று என்னாலும் பிரிக்க முடியவில்லை.

"விட்டுடுங்க," என்றேன். "அவங்கட வாயால வந்ததுதானே. நீங்க எழுதிக் குடுத்துட்டுப் போனா யாரு வந்து பாக்கப்போற?"

"அவங்க எனக்கிட்டக் கதைக்கல்ல காக்கா. மானியம் தாற யாரோ ஒருத்தரிட்டக் கதைச்சிருக்காங்க. நான் அங்க ஈக்கவே இல்ல."

பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாள். நான் சாவியில் கை வைக்கவில்லை. கரையில் ஒரு கதை பிழையாகப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கிழமை பொறுப்போம், முதலாளியிடம் தனியாகச் சொல்வோம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

"அவர்ர ஆக்கள் இண்டைக்கும் வந்து செல்லுவாங்க. நான் கேட்டுக்கிட்டு ஈக்கவா? கிறுக்குங்க."

பின்னேரத்து அசர் தொழுகை முடிந்து ஆட்கள் வாடியடிக்கு வரும் நேரம். முதலாளி தோணி விளிம்பில் இருந்தார். அவள் குடையை மடக்கி ஆட்டோவுக்குள் வைத்துவிட்டு மணலில் நடந்து போய் அவர்கள் முன்னால் நின்றாள். தான் அரசாங்க ஆள் இல்லை என்றாள். தன்னால் மானியம் வாங்கித் தர முடியாது, படிப்பின் பெயர் பிழையாகக் கேட்டிருக்கிறது, பிழையாகக் கேட்டது தனக்கும் இன்றைக்குத்தான் தெரியும் என்றாள். ஒரு கை அபாயாவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

யாரோ ஒரு இளந்தாரி கெக்கெக்கென்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். மானியம் வருகிறது என்று பள்ளிவாசலில் வைத்துச் சொன்னது அவர்.

அவர் எழும்பி அவளைக் கடந்து என்னிடம் வந்தார். ஆட்டோவின் சாவியைக் கழற்றினார்.

"யாரு அனுப்பின இவள?"

"படிக்கிற புள்ள முதலாளி."

"உனக்கிட்டக் கேக்கல்ல." அவள் பக்கம் திரும்பினார். அதுவரைக்கும் இருந்த நீங்க, நீ ஆகிவிட்டது. "இவ்வளவு நாளும் எங்கட வாயக் கிண்டினது என்னத்துக்கு? எங்கட கஸ்டத்த எந்த நாட்டுக்கு விக்கிற நீ?"

ஆட்கள் நெருங்கினார்கள். ஆட்டோவின் கூரையில் ஒரு கை ஓங்கி விழுந்தது. பின்னாலிருந்து ஒருவன், பொம்பிளை தனியாக இந்தக் கரையில் திரிவதே பிழை என்று தொடங்கினான். அவளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இப்போது ஆட்கள் நின்றார்கள். நான் இறங்கினேன். இறங்கி என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவள் முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க செல்லினத நான் இப்பிடி வெளங்கினன். நான் உங்கள ஏமாத்திட்டன், உங்கட கதைய எடுத்துக்கிட்டுப் போறன். சரியா?"

அந்த நேரத்தில் இதைச் சொல்ல வேறு யாருக்கு வரும்? முதலாளி தலையை ஆட்டினார்.

"ஓம். அதேதான்."

"அப்ப ஒவ்வொருத்தரும் செல்லுங்க. உங்கட கதைய நான் வெச்சுக்கவா, அழிக்கவா?"

"எல்லாத்தையும் அழி."

"உங்கடத அழிக்கிறன். மத்தவங்கடத அவங்கதான் செல்லோணும்."

அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. அந்தக் கரையில் அவருக்கு அப்படிப் பதில் சொன்ன ஆளை நான் கண்டதில்லை. அவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். அவள் போனைத் திறந்து, அவருடைய குரலை எல்லோருக்கும் கேட்கும்படி கொஞ்சம் போட்டு, அவர் கண்ணுக்கு முன்னால் அழித்தாள். அடுத்தவனைப் பார்த்தாள். அவன் முதலாளியைப் பார்த்துவிட்டு, அழி என்றான். அடுத்தவன், அழி. அழி. ஒருவன், வைத்தாலும் ஒன்றுதான் என்று தொடங்கி, பக்கத்தில் நின்றவனின் முழங்கை பட்டு, அழி என்று முடித்தான். பல மாத வேலை விரல்நுனியில் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக, தோணி இல்லாமல் தோணி போன கதை சொன்ன அந்தக் கூலிக்காரன் வந்தான். என் வயதிருக்கும்.

"அழியுங்க," என்றான். அவன் மட்டும்தான் மரியாதையாகச் சொன்னான்.

முதலாளி சாவியைத் தூர எறிந்துவிட்டுப் போனார். நான் மணலைக் கிளறித் தேடி எடுத்தேன். ஆட்கள் விலகி வழி விட்டார்கள். காரைதீவுச் சந்தி வரைக்கும் சும்மா ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். குடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கிறுக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

சேரோடு அவள் பேசியதில் ஒரு பக்கம்தான் எனக்குக் கேட்டது. "இல்ல சேர். ஒண்டும் இல்ல சேர். ஓம், நான்தான் அழிச்ச." ஒலுவில் பக்கத்துக் கதைகள் மட்டும் மிச்சம் இருந்தன. அங்கே மானியம் என்ற கதை போயிருக்கவில்லை. அவை போதாது. அவள் பிறகு செய்தது, நிந்தவூரில் முதலாவதாகப் போன வீட்டுக்கு மறுபடி போனது. கதவு திறக்கவில்லை. அடுத்த நாளும் போனாள். கருவாட்டுக்காரப் பெண் மட்டும் இருக்கச் சொன்னாள், கதைக்கவில்லை. இவள் போய் அவளோடு சேர்ந்து ஈ விரட்டினாள். ஆண்டு முடிந்துகொண்டிருந்தது. எனக்கு வேறு சவாரி இல்லாததால் நானும் பக்கத்தில் இருந்தேன்.

ஒரு நாள் பிரதான வீதியில் அந்தக் கூலிக்காரன் ஆட்டோவுக்குக் குறுக்கே கையை நீட்டினான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். என் பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு, "கிறுக்கு மச்சான்," என்றான்.

இறந்தவர்களை அடக்கும் கடலோரத்து மையவாடி ஒன்றுக்குக் கூட்டிப்போனான். அதன் கடல்பக்கத்து மதில் உடைந்து தண்ணீருக்குள் சரிந்து கிடந்தது. அவன் மதிலைக் காட்டவில்லை. அதற்கு அப்பால், அலை உடைகிற இடத்தைக் காட்டினான்.

"எங்கும்மா அதுல கெடந்தா."

அவள் போனை எடுக்கவில்லை.

"வாப்பா பலகையில தீந்தையால பேரெழுதி நட்டிருந்தார். அந்தப் பலகையாவது வலையில வந்து படுமெண்டு பாத்தன். படல்ல." அலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தோணி போனா மானியம் கேக்கலாம் புள்ள. உம்மா போனா என்னத்தக் கேக்கிற? அதான் தோணி எண்டு சொன்னன்," என்றான்.

அலை வந்து மதில் கல்லில் மோதித் திரும்பியது. அவன் அவளைப் பார்த்தான்.

"போன எடுங்க."

"எடுக்கவா?"

"எடுங்கெண்டுதானே சொல்றன்."

அவன் முதலிலிருந்து மறுபடி சொன்னான். உம்மாவின் முழுப் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அதை அப்படியே எழுத வேண்டும் என்றான். பேர் இருந்த பலகை போய்விட்டது, எழுத்தில் வேறெங்கும் இல்லை என்றான்.

அறைக்குப் போகும் வழியில் அவள் சொன்னாள், "பேரு போட ஏலா காக்கா. ஒருத்தர்ட பேரும் போடமாட்டன் எண்டு கையெழுத்து வெச்சிட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தன். பேரு வந்தா புத்தகத்த எடுக்கமாட்டாங்க."

"போடாம விட்டா அவனுக்கு எங்க தெரியப்போகுது?"

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நாள் காலையிலேயே அவனைத் தேடிப் போய் இதைச் சொன்னாள். அவன் வலைக்கயிறை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பேரில்லாம எழுதினா அது யார்ர உம்மா?"

அவளுக்குத் திருப்பிச் சொல்லவும் வரவில்லை.

"அப்ப அழியுங்க," என்றான்.

போனை எடுத்தாள். அந்தக் கரையில் அவளுக்குப் பொய்யில்லாமல் கிடைத்திருந்தது அது ஒன்றுதான். பெருவிரலைத் திரையின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"பேரு வரும்," என்றாள். "எங்க, எப்பிடி எண்டு இப்ப எனக்கும் தெரியா. வராட்டி நானே வந்து அழிக்கிறன்."

"வரும். மானியம் மாதிரி."

கயிறு இழுத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் கறுத்துப்போயிற்று. ஆனால் அவன் அழிக்கச் சொல்லி மறுபடி கேட்கவில்லை. அந்தக் கிழமையிலிருந்து ஒன்றிரண்டு கதவுகள் திறந்தன. முதலாளியின் கதவு கடைசிவரைக்கும் திறக்கவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனாள்.

படிக்க வந்து போன பிள்ளைகள் பலரை நான் பஸ் ஏற்றியிருக்கிறேன். யாரும் கிறுகி வந்ததில்லை. இவள் அடுத்த ஆண்டு ஒரு காலையில் கல்முனை பஸ் ஸ்ரான்டில் வந்து இறங்கி எனக்குப் போன் பண்ணினாள். வேறு ஊர் போக உடுப்புப் பை கட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் பிந்தினால் என்ன என்று போனேன். அதே குடை. கையில் கறுப்பு மட்டை போட்ட தடித்த புத்தகம்.

அவன் கரையில்தான் இருந்தான். கையைச் சாரனில் துடைத்துவிட்டு வாங்கினான். உள்ளே முழுவதும் இங்கிலிஸ். முதல் மட்டையை அடுத்த ஒரு பக்கத்தில் மட்டும் நடுவில் தமிழில் ஒரு பெயர் இருந்தது. தகப்பன் பெயரோடு சேர்த்து. வேறு ஒரு சொல்லும் இல்லை.

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். மறுபடி படித்தான்.

"இது என்ன பக்கம்?"

"புத்தகத்த யாருக்குக் குடுக்கிறன் எண்டு செல்லுற பக்கம். அதுல யார்ர பேரும் போடலாம். ஏனெண்டு கேக்க ஏலா. என்ட மூத்தம்மா, வாப்பாட உம்மா எண்டு நினைச்சிக்கிட்டாங்க."

"உங்கட வாப்பா உம்மாக்குப் போடல்லையா?"

"அவங்க ஈக்காங்க. வாப்பாட பேரு என்ட பேருக்குப் பின்னாலயே எழுதி ஈக்கு."

அவன் அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் தடவினான். ஈரம் படும் என்று உடனே கையை எடுத்துக்கொண்டான். அது அவனுக்குத்தான் என்று அவள் சொன்னாள். அவன் கடலைப் பார்த்தான், தன் வீடு இருக்கும் பக்கத்தைப் பார்த்தான், புத்தகத்தை மூடி அவளிடமே நீட்டினான்.

"இஞ்ச வேணாம் புள்ள. இஞ்ச வெச்சா மறுகா கடல் இதையும் எடுக்கும். உங்கட ஊரு மேடுதானே. அங்க இரிக்கட்டும்."

அவள் வாங்கி, போன் சுற்றுகிற அந்தப் பொலித்தீன் பையைப் பிரித்து அதில் சுற்றினாள். பெயரை நான் இதில் எழுதவில்லை. அது மேட்டில் இருக்கிறது.